பரோல் காத்தவராயன்

மைக் செட் போடுகிறவளுக்கு ஒரு தண்டனை உண்டு. ஊரில் பேசப்படுகிற எல்லாவற்றையும் அவள் உட்கார்ந்து கேட்டாக வேண்டும். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், பதினாறாம் நாள் காரியம், எதுவானாலும் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்சர் பெட்டிக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் நான் இருப்பேன். எழுந்து டீக்கடைக்குப் போனால் அந்த நேரம் பார்த்துத்தான் மைக் கீச்சிடும். அதனால் புதுச்சேரியில் எந்தப் பெரிய மனிதர் எந்த இடத்தில் தொண்டையைக் கனைப்பார், எந்த இடத்தில் கண்ணைத் துடைப்பார், யார் 'கடைசியாக ஒன்று' என்று சொல்லிவிட்டு அதற்கப்புறம்தான் பேசவே ஆரம்பிப்பார் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. நான் மைக்கில் பேசியது 'ஹலோ, செக், செக்' மட்டும். என் பெயர் சுமலதா. கடைக்கும் அதே பெயர்தான், சுமலதா சவுண்ட் சர்வீஸ்.

வருஷத்திலேயே எனக்கு மிக நீளமான நாள், காத்தவராயன் நினைவு நாள்.

காத்தவராயன் யார் என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லவேண்டும். பிரெஞ்சுக்காரன் காலத்தில் மில்லில் வேலை பார்த்தவர். அவர் பிறந்த தெரு ஜனங்கள் பொதுக் குழாயில் தண்ணீர் பிடிக்கக் கூடாது, அவர்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் பெஞ்சில் உட்காரக் கூடாது என்று வைத்திருந்த காலம். இரண்டையும் மாற்றிக் காட்டினார். மில்லில் வேலை செய்த பெண்களுக்குப் பிரசவ விடுப்பு வாங்கிக் கொடுத்தார். அதற்காக அடி வாங்கினார், ஜெயிலுக்கும் போனார். உப்பனாற்று வாய்க்கால் பக்கத்து ஜனங்களுக்கு அவர் இன்றைக்கும் வீட்டு மனிதர். எல்லாரும் 'பரோல் காத்தவராயன்' என்றுதான் சொல்வார்கள். ஏன் பரோல் என்று நான் யாரையும் கேட்டதில்லை. ஜெயிலுக்குப் போனவர், பரோலில் வெளியே வந்து போராடியிருப்பார் என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன். என் வயதுக்காரர்கள், எனக்குக் கீழே உள்ளவர்கள் எல்லாரும் அப்படித்தான். நினைவு நாளில் பேசுகிறவர்கள் சங்க இலக்கியத்திலிருந்து சந்திரயான் வரை எல்லாவற்றையும் விளக்குவார்கள். அந்த ஒரு வார்த்தையை மட்டும் யாரும் விளக்கியதில்லை. அது எல்லாருக்கும் தெரியும் என்று அவர்கள் நினைப்பு.

அவர் பெயரில் ஒரு சங்கம் இருக்கிறது. சங்கத்துக்கு ஒரு படிப்பகம் இருக்கிறது. நல்ல கட்டடம். நீள மேஜைகள், கண்ணாடி போட்ட அலமாரிகள், வாசலில் சிமென்ட் பெஞ்சு. உள்ளே சுவரில் ஒரு பழைய தகரப் பலகை, அதில் சிவப்புப் பெயின்டில் ஆங்கில எழுத்தில் ஒரே ஒரு வார்த்தை. நாங்களெல்லாம் அதை 'சைலன்ஸ்' என்று படிப்போம். சங்கத் தலைவர் தணிகாசலம் ஐயா மட்டும் 'சிலான்ஸ்' என்பார். அவர் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். கூட்டத்தில் சத்தம் அதிகமானால் மைக்கைப் பிடித்து "சிலான்ஸ், சில்வூப்ளே" என்று இரண்டு கையையும் இறக்கிக் காட்டுவார். பிரெஞ்சில் 'தயவுசெய்து அமைதி' என்று அர்த்தமாம். பின்வரிசைப் பிள்ளைகள் அதைச் சொல்லிக் காட்டிச் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

தணிகாசலம் ஐயா கெட்டவர் இல்லை. அவருடைய அப்பா காத்தவராயனோடு ஜெயிலில் இருந்தவர். மில் ஆபீசில் வேலை பார்த்து ரிட்டையர் ஆன நாளிலிருந்து சங்கம்தான் அவருக்கு வீடு. அடுத்தவர் காசில் ஒரு டீ குடிக்க மாட்டார். ஆனால் படிப்பகத்துச் சாவி விஷயத்தில் மட்டும் அவர் ஆளே வேறு. சாவி அவர் சட்டைப் பையில், பேனாவுக்குப் பக்கத்தில் இருக்கும். காலை ஒன்பது மணிக்குத் திறப்பார். சாயங்காலம் ஐந்து மணி அடித்ததும் பூட்டிவிட்டு பீச் ரோட்டுக்கு நடக்கப் போய்விடுவார். பகலில் அங்கே வருகிறவர்கள் பேப்பர் படிக்கிற இரண்டு மூன்று பெரியவர்கள், பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்குகிற ஒருவர். படிக்கவேண்டிய பிள்ளைகளெல்லாம் அந்த நேரத்தில் வேலையில் இருப்பார்கள்.

ஸமீஹா அப்படிப்பட்ட பிள்ளை. எங்கள் தெருதான். பெரிய மார்க்கெட்டில் கைலி, துண்டு விற்கிற ஷஹாபுதீன் பாயின் மூத்த பெண். டிகிரி முடித்துவிட்டுச் சேதராப்பட்டில் ஒரு ஃபேக்டரியில் ஒயர் இணைக்கிற வேலைக்குப் போகிறாள். அரசாங்கக் கிளார்க் பரீட்சை எழுதவேண்டும், அதில் தேறிவிடவேண்டும் என்பதுதான் அவளுக்கு எல்லாம். போன தடவை கொஞ்சத்தில் விட்டுவிட்டாள். இந்த வருஷமும் போனால் ஃபேக்டரியே கதி, இல்லாவிட்டால் மாப்பிள்ளை வீட்டார் வருவார்கள் என்று வீட்டில் தீர்மானம். கம்பெனி பஸ் அவளை ராஜீவ் காந்தி சிக்னலில் மாட்டி வைத்து, ஆறரை மணிக்கு இறக்கிவிடும். வீட்டில் இரண்டே அறை, மூன்று தம்பிகள், ஒரு டிவி. தம்பிகள் ஒரே நேரத்தில் வாயை மூடி நான் பார்த்ததில்லை. அவளுக்குத் தேவை ஒரு மேஜை, ஒரு விளக்கு, ஒன்பது மணி வரை கொஞ்சம் அமைதி. மூன்றும் கூப்பிடு தூரத்தில் பூட்டிக் கிடந்தன.

அவள் தணிகாசலம் ஐயாவிடம் போய்ச் சாயங்காலமும் திறந்து வைக்கச் சொல்லிக் கேட்டாள். படிக்கவேண்டும் என்ற எண்ணம் வந்ததே பாதி வெற்றி என்று தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்து அனுப்பினார். மறுபடி போனாள். காத்தவராயன் தெருவிளக்கில் படித்த கதையைச் சொன்னார். மூன்றாம் முறை சிநேகிதி சுடர்விழியையும் கூட்டிக்கொண்டு போனாள். அப்போதுதான் உண்மையான காரணம் வந்தது. ராத்திரியில் யார் பொறுப்பு, ஃபேனை நிறுத்தாமல் போனால் யார் பொறுப்பு, ஆணும் பெண்ணும் உட்கார்ந்து படிக்கிறார்கள் என்று நாலு பேர் பேசினால் யார் பொறுப்பு என்று கேட்டுவிட்டு, இந்த வருஷ நினைவு நாளுக்கு ஃபிளெக்ஸ் பேனர் செய்கிற வேலையை உங்களிடம் கொடுக்கிறேன், முதலில் அதில் பொறுப்பைக் காட்டுங்கள் என்று முடித்துவிட்டார்.

சுடர்விழி ஃபிளெக்ஸ் அடிக்கிற கடையில்தான் டிசைன் வேலை பார்க்கிறாள். இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து செய்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் நான் படிப்பகத்துக்கு முன்னால் தெருவை அடைத்து ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்தபோது ஸமீஹா பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வந்தாள். டிபன் பையை இறக்கி வைக்காமலே, நாளைக்கு அவளுக்கு ஐந்து நிமிஷம் மைக் கிடைக்குமா என்று கேட்டாள். யார் யார் பேசவேண்டும் என்பது தலைவர் கையில் இருக்கிறது, எனக்கு ஸ்விட்ச் போடுகிற வேலை மட்டும்தான் என்று சொன்னேன். சொன்ன பிறகு எனக்கே என் மேல் எரிச்சலாக இருந்தது. நாளைய நிகழ்ச்சியின் தலைப்பு 'இளைஞர்களை ஊக்குவிப்போம்'. ஊக்குவிக்க ஒரு மேடை நிறையப் பெரியவர்கள் இருந்தார்கள். பேசுவதற்கு இளைஞர் ஒருவர்கூட இல்லை.

"பேனர் சூப்பரா வந்திருக்குக்கா," என்றாள் ஸமீஹா. "ஐயா பாத்துட்டு சந்தோஷமா இருக்கும்போது சாவி கேட்டுடுவேன். மைக்லாம் வாணாம்."

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பேனர் ஏறியது. நான் சொல்கிறேன், ஊரிலேயே அதுபோல ஒரு பேனர் வந்ததில்லை. காத்தவராயனின் முகம் ஒரு ஆள் உயரம். அவருக்குப் பின்னால் கன்னங்கரேலென்று ஜெயில் கம்பிகள். இரண்டு கைகளிலும் உடைந்த விலங்கு. கீழே கொட்டை எழுத்தில்,

'பரோலில் வந்தார், பாருக்கே வழி தந்தார்'

என்று இருந்தது. எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. தெருவில் போனவர்கள் வண்டியை நிறுத்தி போட்டோ எடுத்தார்கள். சுடர்விழி தரையில் நின்று தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டே, விலங்கு இன்னும் கொஞ்சம் பளபளப்பாக இருந்திருக்கலாம் என்று குறைபட்டாள்.

தணிகாசலம் ஐயா வெள்ளை வேட்டி சட்டையில் வந்தார். ஸ்கூட்டியை ஸ்டாண்டு போட்டார். நிமிர்ந்தார். பேனரைப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார். ஸமீஹா முன்னால் போய் "ஐயா, எப்படி?" என்று கேட்டாள். அவர் முகத்தைப் பார்த்ததும், இது சந்தோஷம் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மாலை போடுவது, வரவேற்புரை எதுவுமே இல்லாமல் நேரே மேடையேறி மைக்கைப் பிடித்தார். நான் வால்யூமைக் கொஞ்சம் குறைத்து வைத்தேன், அவர் கத்தப்போகிறார் என்று கை தானாக நகர்ந்தது.

கத்தத்தான் செய்தார். தலைவரைக் குற்றவாளி ஆக்கிவிட்டார்கள் என்றார். ஜெயிலில் இருந்து கெஞ்சிக் கேட்டு லீவில் வந்த ஆள் என்று ஊருக்கே போஸ்டர் அடித்து மாட்டிவிட்டார்கள் என்றார். அவருடைய அப்பாவும் காத்தவராயனும் ஜெயிலில் ஒரு நாள்கூடச் சலுகை கேட்டவர்கள் இல்லை என்று சொல்லும்போது குரல் உடைந்தது. ஷஹாபுதீன் பாய் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு மகள் செய்த பேனரைப் பார்க்க வந்திருந்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டார். "இந்த லட்சணத்துல இவங்க கையில சாவி வேற குடுக்கணுமாம்," என்று ஐயா சொன்னபோது ஸமீஹாவின் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். ஒரே வார்த்தையில் அவளுடைய மேஜை, விளக்கு, பரீட்சை எல்லாம் போயிற்று.

பிறகுதான் அவர் விளக்கினார். கோபத்தில்தான் விளக்கினார், ஆனால் நான் கேட்ட அத்தனை பேச்சுகளிலும் அதுதான் நல்ல பேச்சு.

"பரோல்னா ஜெயில் பரோல் இல்ல. அது இங்கிலீஷ். இது பிரெஞ்சு. பிரெஞ்சுல பரோல்னா பேச்சு. சபையில எனக்குப் பேச முறை குடுன்னு கேக்கறது."

அந்தக் காலத்தில் மில் முதலாளிகளும் ஊர்ப் பெரிய மனிதர்களும் கூடுகிற சபை ஒன்று இருந்ததாம். தொழிலாளிகள் வாசல் ஓரமாக நின்று கேட்டுவிட்டுப் போகலாம், வாயைத் திறக்கக் கூடாது. ஒரு நாள் வாசலில் நின்ற காத்தவராயன் கையைத் தூக்கி, துரைமார் அவர்களுக்குள் சொல்லிக்கொள்கிற அதே வார்த்தையைச் சொன்னார். பரோல். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வெளியே தள்ளினார்கள். அடுத்த கூட்டத்திலும் வந்து நின்று கையைத் தூக்கினார். அதற்கடுத்த கூட்டத்திலும் தூக்கினார். தெருவில் அவரைப் பார்த்தால் பிள்ளைகள் கையைத் தூக்கி 'பரோல்' என்று கேலி செய்யும் அளவுக்குப் போய்விட்டது. கடைசியில் ஒரு நாள், தொல்லை தாங்காமல், சரி பேசு என்றார்கள். அன்றைக்குப் பேசியதில்தான் குழாய் வந்தது, பெஞ்சு வந்தது.

கூட்டத்தில் யாருக்கும் இது தெரியாது என்பது எல்லாருடைய முகத்திலும் எழுதியிருந்தது. என் முகத்திலும்தான். இத்தனை வருஷமாக இந்த மனிதரின் நினைவு நாளுக்கு மைக் கட்டுகிறேன், அவர் மைக்குக்காகத்தான் போராடினார் என்று தெரியாமலே கட்டியிருக்கிறேன்.

ஐயாவுக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. கடைசி அடியாக ஒன்று அடித்தார்.

"அவரு இந்தச் சங்கம் ஆரம்பிச்சப்ப போட்ட மொத விதி என்னான்னு தெரியுமா? இந்தச் சபையில யாரு பரோல் கேட்டாலும், கேட்டவங்க பேசி முடிக்கிற வரைக்கும் தலைவர் உக்காரணும். சின்னவங்க பெரியவங்க கெடையாது. அந்த விதி இன்னிக்கும் அப்படியே இருக்கு. உங்கள்ல ஒருத்தருக்காவது தெரியுமா?"

அவர் வெற்றியோடு கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். மேடையில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள்.

"பரோல்," என்று ஒரு குரல் கேட்டது.

பின்வரிசையிலிருந்து வந்தது. சத்தமாகக்கூட இல்லை. ஸமீஹா எழுந்து நின்றிருந்தாள். கை பாதிதான் மேலே போயிருந்தது, முட்டாக்குத் தோளில் வழிந்திருந்தது. ஐயா காதில் விழாத மாதிரி தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். அவள் கையை முழுவதும் தூக்கி மறுபடி சொன்னாள். "பரோல் கேக்கறேன், ஐயா."

முதலில் ஒருவர் சிரித்தார். அப்புறம் நாலைந்து பேர் சிரித்தார்கள். அப்புறம் கைத்தட்டல் வந்தது. தணிகாசலம் ஐயா மேடையில் நின்றுகொண்டு தான் சொன்னதைத் தானே யோசித்துப் பார்ப்பது எனக்கு நன்றாகவே தெரிந்தது. என் பக்கம் திரும்பி, விரலைக் கழுத்துக்குக் குறுக்கே இழுத்தார். மைக்கை அணைத்துவிடு என்று அர்த்தம். என் தொழிலில் அந்தச் சைகை எல்லாரும் செய்வார்கள், அடுத்தவர் பேசும்போது.

நான் குனிந்து ஒயர்களைப் பிடித்து இழுப்பதுபோல இழுத்தேன். "ஸ்விட்ச் மாட்டிக்கிச்சுங்க ஐயா, ஆஃப் ஆவமாட்டேங்குது," என்று கத்தினேன். சொல்லிவிட்டுக் கார்ட்லெஸ் மைக்கை எடுத்துக்கொண்டு நாற்காலிகளுக்கு நடுவே நடந்து போய் அவள் கையில் கொடுத்தேன். அவள் கை ஜில்லென்று இருந்தது.

மேடையில் ஐயா இன்னும் நின்றுகொண்டிருந்தார். முன்வரிசையில் இருந்த யாரோ, "விதிங்க ஐயா," என்று பணிவாக நினைவூட்டினார்கள். அவர் மெதுவாக உட்கார்ந்தார். நாற்காலி கிரீச்சென்றது. மைக் பக்கத்திலேயே இருந்ததால் அது தெரு முழுக்கக் கேட்டது.

ஸமீஹா பேசியது கொஞ்சம்தான். "பேனர்ல பரோல்னு எழுதச் சொன்னது நான்தான். சுடர்விழி மேல தப்பு இல்ல. ஜெயில் பரோல்னுதான் நெனச்சேன். மன்னிச்சிடுங்க ஐயா. ஆனா ஐயா, இங்க பொறந்து வளந்தேன். வருஷா வருஷம் வந்து உக்காந்து கேட்டேன். யாரும் எங்களுக்கு இந்த வார்த்தையச் சொல்லல. உள்ள அலமாரியில இருக்கற புத்தகத்துல இருந்திருக்கும். நான் பஸ்ஸ விட்டு எறங்கும்போது அது பூட்டியிருக்கும்."

ஷஹாபுதீன் பாய் இப்போது தலையை நிமிர்த்திப் பார்த்தார்.

"சாயங்காலம் ஆறரைல இருந்து ஒம்போது வரைக்கும் தொறந்து வைங்க. பொறுப்பு நாங்க எடுத்துக்கறோம். எங்களுக்கு நெறய ஊக்கம் குடுத்துட்டீங்க ஐயா. சாவிதான் இன்னும் குடுக்கல."

அவள் மைக்கை என்னிடம் நீட்டினாள். நான் வாங்குவதற்குள் இன்னொரு பக்கத்திலிருந்து "பரோல்" என்று ஒரு முரட்டுக் குரல் வந்தது. மீன் விற்கிற ஆயம்மா. மார்க்கெட்டில் கூவிக் கூவி வளர்ந்த குரல், அதற்கு மைக்கே தேவையில்லை, ஆனாலும் மைக்கைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். படிப்பகத்தில் ஓடுகிற ஃபேன் அவள் வீட்டுக்காரர் நினைவாக அவள் வாங்கிக் கொடுத்தது என்றும், அது பகலெல்லாம் காலி நாற்காலிக்கும் தூங்குகிற மனிதருக்கும் சுற்றுவது போய்ச்சேர்ந்த அவருக்கே பிடிக்காது என்றும் சொன்னாள். தூங்குகிற மனிதர் மேடையில்தான் இருந்தார். கூட்டம் அவரைப் பார்த்துச் சிரித்தது, அவரும் சிரித்துவிட்டார். அடுத்து நெடுமாறன் என்ற பையன் பரோல் கேட்டான். சாப்பாடு டெலிவரி செய்கிறவன், போலீஸ் தேர்வுக்குப் படிக்கிறான். ராத்திரி பூட்டுகிற வேலையை முறை வைத்துச் செய்யலாம், முதல் வாரம் அவனே செய்வதாகச் சொன்னான். அப்புறம் வார்த்தை பிடித்துக்கொண்டது. மார்க்கெட்டுக்குப் பை தூக்கிக்கொண்டு போனவர்கள்கூட நின்று கையைத் தூக்கினார்கள். ஒருவர் தெருவிளக்கைப் பற்றிப் பேசினார். ஒருவர் பரோல் வாங்கிவிட்டு என்ன பேசுவது என்று தெரியாமல் எல்லாருக்கும் வணக்கம் சொல்லி உட்கார்ந்தார். நான் மைக்கோடு இங்கும் அங்கும் ஓடியே களைத்துப்போனேன். என் வாழ்க்கையில் அப்படி ஒரு கூட்டத்துக்கு நான் மைக் கட்டியதில்லை.

இந்த நேரமெல்லாம் தணிகாசலம் ஐயா மேடையில் உட்கார்ந்தே இருந்தார். இரண்டு தடவை எழுந்திருக்கப் பார்த்தார். இரண்டு தடவையும் யாரோ ஒருவர் பரோல் கேட்டுவிட்டார்கள். அவருக்கு ஏதோ சொல்லவேண்டும் என்று இருந்தது, உதடு அசைந்தது. அவருக்கு முன்னால் ஸ்டாண்டு மைக் இருந்தது, அதைத் தொட்டால் போதும். அவர் தொடவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, மைக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவருடைய வலது கை மெல்ல மேலே போனது.

"பரோல்," என்றார்.

அப்போது கார்ட்லெஸ் மைக் மறுபடியும் ஸமீஹா கையில் இருந்தது, கடைசியாகப் பேசியவர் அவளிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அவள் கேலி செய்யவில்லை. மேடைவரை நடந்து போய் இரண்டு கையாலும் மைக்கைக் கொடுத்து, "பேசுங்க ஐயா," என்றாள்.

அவர் எழுந்து நிற்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. "இந்த வார்த்தைக்கு இப்ப அர்த்தம் சொன்னவன் நான்," என்றார். "வாழ்க்கைல இன்னிக்குத்தான் மொத தடவ கேக்கறேன். எங்கப்பா பேர் சொல்லி வந்தேன், எனக்கு மைக் தானா வந்துச்சு. கேட்டாத்தான் தெரியுது, எவ்ளோ பயமா இருக்குன்னு."

அதற்கு மேல் அவர் ஒன்றும் பேசவில்லை. நான் கேட்ட அவருடைய பேச்சுகளில் மிகச் சின்னது அதுதான். சட்டைப் பையில் கையை விட்டார். முதலில் பேனா வந்தது, அதைத் திரும்ப வைத்தார். அப்புறம் சாவி வந்தது. அதை ஸமீஹாவின் உள்ளங்கையில் வைத்து அவள் விரல்களை மூடினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மிக்சர் பெட்டியில் ஏதோ ரிப்பேர் பார்க்கிறமாதிரி குனிந்துகொண்டேன்.

"போகும்போது ஃபேன நிறுத்தணும்," என்று ஐயா மைக்கில் சொன்னது கேட்டது. தெருவே சிரித்தது.

அன்றைக்கு மேடையில் இருந்த மற்ற பெரியவர்கள் யாருக்கும் பேச நேரம் கிடைக்கவில்லை. பிரிஞ்சிச் சாதம் ஆறிப்போய்விடும் என்று சமையல்காரர் வந்து நின்றுவிட்டார். தயாரித்து வந்த பேச்சுகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அவர்கள் பந்திக்குப் போனார்கள். ஒருவருக்குக்கூட பரோல் கேட்கத் தோன்றவில்லை, அல்லது தைரியம் வரவில்லை. ஷஹாபுதீன் பாய் சாப்பிடும்போது, பக்கத்தில் இருந்தவரிடமெல்லாம் அந்தப் பேனரைக் காட்டி, எழுத்தில் கொஞ்சம் பிசகு, மற்றபடி என் மகள் செய்தது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை சாயங்காலம் நான் ஸ்பீக்கர் கம்பங்களை எடுத்துப் போக வந்தேன். படிப்பகம் திறந்திருந்தது. விளக்கெல்லாம் எரிந்தன. ஆயம்மா வீட்டுக்காரரின் ஃபேன் ஆளிருக்கிற நாற்காலிகளுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. நீள மேஜையில் ஒரு பக்கம் ஸமீஹா, எதிரே நெடுமாறன், இன்னும் எனக்குப் பெயர் தெரியாத பிள்ளைகள். பேனரை உள்சுவரில் மாட்டிவிட்டார்கள். சுடர்விழி 'பரோலில் வந்தார்' மேல் காகிதம் ஒட்டி, 'பரோல் கேட்டார்' என்று திருத்தியிருந்தாள். கம்பிகளை அழிக்க முடியவில்லையாம். அதனால் கம்பிகளுக்கு நடுவே வரிசையாகப் புத்தகங்களை வரைந்து, ஜெயிலைப் புத்தக அலமாரி ஆக்கிவிட்டாள்.

பீச் ரோட்டுக்கு நடக்கப் போயிருக்கவேண்டிய தணிகாசலம் ஐயா வாசலில் வந்து நின்றார். செருப்பை விட்டுவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். ஃபேனைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், அலமாரிக் கதவு ஒன்று லேசாகத் திறந்திருந்ததைப் பார்த்தார். சொல்லாமல் இருக்க முடியவில்லை அவரால். தொண்டையைக் கனைத்தார். பிள்ளைகள் எல்லாரும் நிமிர்ந்தார்கள். அவர் சட்டென்று நினைவு வந்து, கையைத் தூக்கினார்.

ஸமீஹா உதட்டில் விரலை வைத்தாள். பிறகு அதே விரலால் சுவரில் இருந்த தகரப் பலகையைக் காட்டினாள்.

"இங்க பரோல் கெடையாதுங்க ஐயா," என்று மெதுவாகச் சொன்னாள். "சிலான்ஸ், சில்வூப்ளே."

அவர் பலகையைப் பார்த்தார். தூக்கிய கையை இறக்கி வாயைப் பொத்திக்கொண்டார், சிரிப்பு வெளியே வந்துவிடாமல் இருக்க. பிறகு சத்தம் வராமல் ஒரு நாற்காலியை இழுத்து, ஸமீஹாவுக்கு இரண்டு இடம் தள்ளி உட்கார்ந்து, அன்றைய பேப்பரைப் பிரித்தார்.